உருண்டைக்கு அபிஷேகம்

மலேசியாவின் கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கும் கன்னையாவின் தோளை முறித்தது வானத்திலிருந்து விழுந்த ஓர் உலோக உருண்டை. மேலே இரண்டு துணைக்கோள்கள் மோதிச் சிதறிய குப்பை அது. ஆனால் அன்றைக்கு யார் கண்டார்கள்? தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்ததைப் பார்த்து நடுங்கிப்போன மனைவி ரமணி, முதல் வேலையாக அதற்குச் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தாள். பக்கத்துக் கடை பவுனம்மாள் விளக்கேற்றினாள். ஏற்றியவள் சும்மா இருந்தாளா? "பத்துமலைக்குக் காவடி எடுக்கறேன்னு வேண்டிட்டு, லோரிக்கு டயர் மாத்தப் போயிட்டாரே. அதான் முருகன் குடுத்துட்டாரு" என்றும் சொல்லிவைத்தாள்.

அந்தச் சொல் கன்னையாவைப் பிடித்துக்கொண்டது. சாமி கொடுத்த தண்டனைக்கு மருந்தா என்று, கட்டுப் போட்டு வந்தவர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கை தூக்க வராமல் விறைத்துக்கொண்டே போனது. துணைக்கோள்கள் மோதிய செய்தியைப் பேப்பரில் பார்த்தாள் ரமணி. உருண்டைக்குச் சொந்தக்காரன் எவனோ, அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும்வரை விடுவதில்லை என்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வக்கீல் ஐங்கரனைப் பிடித்தாள். வழக்குப் போட்டார்கள். துணைக்கோள் கம்பெனிகள் இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டின.

"உருண்டையில நம்பர் இருக்கும்கா. நீங்க சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க. எவிடென்ஸ்லா அது!" என்று ஐங்கரன் தலையில் அடித்துக்கொண்டார்.

இரு கம்பெனி வக்கீல்களும் உருண்டையைப் பார்வையிட வந்த அன்று பவுனம்மாள் குறுக்கே நின்றாள். "சாமியச் சுரண்டினா குடும்பம் வெளங்காது!"

"யாரு சுரண்டறா? அபிஷேகம் பண்றேன்க்கா" என்றாள் ரமணி.

அபிஷேகம் என்றதும் பவுனம்மாளே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். நல்லெண்ணெய், சீயக்காய், பால் என்று முறையாக ஊற்ற ஊற்ற, காய்ந்த சந்தனம் ஊறிக் கரைந்தது. அடியில் பொறித்திருந்த எண் தெரிந்தது. அதைத் தன் கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் இளம் வக்கீலுக்கு முகம் சுண்டிப்போனது.

"எங்க கம்பெனியோடதுதான், ஆன்டி" என்றார் மெல்ல.

"எனக்கு எதுக்கு? அதோ உக்காந்திருக்காரே, அவர் காதுல விழற மாதிரி சொல்லுங்க."

இளைஞர் கன்னையாவிடம் போய்க் குனிந்தார். "அங்கிள், இது எங்க சேட்டலைட்ல இருந்து விழுந்தது."

கன்னையா ஈர உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, முருகன் இல்லையா?"

"இல்ல, அங்கிள்."

பவுனம்மாள் விளக்கைத் தூக்கிக்கொண்டு தன் கடைக்குப் போனாள். கன்னையா இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரமணி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவமா?"