பத்து நிமிடம் முன்னதாக அரியலூர்

சனி, காலை 4.45. தாம்பரத்தில் பைக்கைக் கிளப்பினேன். என் மனைவி கலைச்செல்விக்கு விக்கிரமங்கலம் பக்கத்தில் டீச்சர் வேலை, எனக்குச் சென்னையில். சனி மதியம் தொடங்கி ஞாயிறு மதியத்தில் முடிகிற குடித்தனம் எங்களுடையது. மற்ற ஆறு நாளும் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அந்த ஏக்கத்தில்தான் ஏழு மாதத்துக்கு முன் ஒரு காரியம் செய்தேன். கம்பெனி கொடுத்த காகித ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, எண்ணெய் பூசிய துணி ஃபில்டர் ஒன்றை 3,800 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். காற்று தாராளமாகப் போகும், வண்டி பறக்கும் என்றார்கள். பறந்ததா, என் மனசுதான் பறந்ததா, தெரியாது. பத்து நிமிடம் மிச்சமானது உண்மை. பெண்டாட்டியைப் பத்து நிமிடம் முன்னதாகப் பார்க்கலாம் என்றால் எவன்தான் வாங்கமாட்டான்! இப்போது என்னடாவென்றால் வண்டி இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, நீலப்புகை விடுகிறது. இது படுத்தால் என் சனிக்கிழமையும் படுத்துவிடும்.

காலை 9.10. ரஞ்சன்குடிக் கோட்டை தெரிந்ததும் மனசு ‘வந்துவிட்டோம்’ என்னும். சுத்தப் பொய். இன்னும் அறுபது எழுபது கிலோமீட்டர் இருக்கிறது. வாலிகண்டபுரத்தில் டீ, பதினைந்து ரூபாய். அவளுக்குப் போன் போட்டேன்.

“கறி எடுத்து வெச்சிருக்கேன். எங்கயும் நிக்காம வாங்க.”

நின்றேன். பெரம்பலூரில் மெக்கானிக் காசிம் பாய் புகையை ஒரு பார்வை பார்த்தார். ஃபில்டருக்குப் பின்னால் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயைத் துடைத்து, உள்ளே வெள்ளை கிரீஸை மெல்லிசாகத் தடவினார்.

“நாளைக்குத் திரும்புறப்ப வாங்க சார். ஃபில்டரத் தாண்டி மண்ணு போச்சுன்னா இதுல ஒட்டிக்கும்.”

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டிப் போகும் சாலை. புளியமரத்து இலைகூட இங்கே பச்சையாக இருப்பதில்லை. அரியலூர் முகப்பில் ஒரு பஞ்சர் கடை. லாரிக்காரர்கள் அங்கே நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றி, கம்ப்ரஸர் காற்றால் புழுதியை ஊதிவிட்டுப் போவார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் வாராவாரம் ஊதுவேன். அன்றும் ஊதினேன்.

விக்கிரமங்கலம் போய்ச் சேர்ந்தபோது மணி 11.40. சாப்பிட்டதும் வழக்கம்போல ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தேன். சாயங்காலம் சிவப்பு எண்ணெயை மடிப்பு மடிப்பாகப் பூசினேன். கலைச்செல்வி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க, அதுக்குத் தலையும் பின்னி பூ வெச்சு வுடுங்க.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு, பகல் 12.30. கிளம்பும்போது, “இன்னும் பத்து நிமிஷம் இருங்களேன்,” என்றாள். “பாய் கடைக்குப் போவணும்மா,” என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

2.15. பாய் குழாயைத் திறந்தார். நேற்று வெண்ணெய் மாதிரி இருந்த கிரீஸ் சாம்பல் நிறமாகியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன், நறநறவென்றது. ஃபில்டரை வெயிலுக்கு நேரே பிடித்தார். இழைகளுக்கு நடுவே பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

“எப்புடிங்க சுத்தம் பண்ணுவீங்க?”

“வாராவாரம் கம்ப்ரஸர்ல ஊதுவேன் பாய். லாரிக்காரங்க பண்றாங்களே.”

“அட அல்லாவே! அவங்களுது மொத்தமான காகிதம் சார். அதையே பதமாத்தான் ஊதணும். உங்களுது துணி, இழ வெலகிப் போச்சு.”

“ஊதாம இருந்திருந்தா?”

“நல்ல ரோட்டுக்கு ஓடியிருக்கும். இந்தச் சுண்ணாம்புக்கு நான் சிபாரிசு பண்ணமாட்டேன். காத்து தாராளமா நுழையுற எடத்துல பொடியும் நுழையப் பாக்கும். மண்ணு போயி பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு, அதான் ஆயில் குடிக்குது; இன்ஜினப் பிரிச்சாவணும். இன்ஷா அல்லா அடுத்த சனிக்கிழமைக்குத் தந்துடுறேன். பழையபடி காகித ஃபில்டரே போட்டுடவா?”

“போடுங்க பாய்.”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நகக்கண்ணில் நேற்றைய சிவப்பு எண்ணெய் இன்னும் போகவில்லை. போகிற வழியில் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து, போய்ச் சேர்ந்தபின் அரைநாளை அந்தத் துணிக்கே செலவழித்திருக்கிறேன். எவளைப் பார்க்க ஓடினேனோ அவள் கேட்ட பத்து நிமிடத்தைத் தரவில்லை. முட்டாள், வடிகட்டின முட்டாள்!

சென்னை பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. பக்கத்தில் அரியலூர் பஸ். ஆபீஸுக்குத் திங்கள் லீவு என்று செய்தி தட்டிவிட்டு, அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, பின்னால் எங்கள் பஸ், முந்த வழியே இல்லை. குன்னம் தாண்டியதும் போன் போட்டேன்.

“எங்க வந்துட்டீங்க? விழுப்புரமா?”

“திரும்பி அங்கதான் வரேன். பஸ்ஸுல. நாளைக்குத்தான் போவேன்.”

“வண்டி?”

“பாய்கிட்ட. ஃபில்டரும் அங்கயே.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“மெதுவா வாங்க,” என்றாள். “நான் ஸ்டாப்புக்கே வந்து நிக்கறேன்.”