உப்புப் பார்க்க ஆள் தேவை

“மொதல்ல வாயைத் திறங்க. காரணத்த அப்புறம் சொல்லலாம்.”

இப்படிச் சொல்லிக்கொண்டே பன்னக்கா கண்ணாடி அலமாரிக்கு மேலாகக் கையை நீட்டி, வந்தவர் வாயில் ஒரு துண்டு கேக்கைத் திணித்துவிடுகிறார். வந்தவர் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தவர். கேக் உள்ளே போனதும் ஆறுதல் வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடுகிறது. “இனிப்பு போதுமா? எலுமிச்சை தெரியுதா, இல்ல சும்மா மஞ்சளா மட்டும் இருக்கா? என் முகத்துக்காகச் சொல்லாதீங்க. பொய் சொன்னா அடுத்த வாட்டி தீஞ்சதுதான் கிடைக்கும்.” அவர் மென்று முடிக்கும்வரை அக்கா இமைகொட்டாமல் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எங்கள் தெருமுனை பேக்கரி பன்னக்காவுடையது. நான் குடியிருப்பது அதற்கு நேர் மேல் மாடியில். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. எங்கள் தேவாலயச் சபை அறிவிப்புப் பலகையில் எப்போதாவது அது எழுதப்பட்டிருக்கும். யார் இந்த அம்மாள் என்று எல்லாரும் கொஞ்ச நேரம் விழிப்போம். நல்ல உயரம், அதற்கு ஈடுகொடுக்கும் பருமன். தன் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டைதான் வேலைச் சட்டை. மூக்குக் கண்ணாடி எப்போதும் தலைமேல் இருக்கும். அதை அவர் தேடுவது எப்போதும் மேசைக்கு அடியில். முன்கை முழுக்கத் தட்டு சுட்ட தழும்புகள். ஓவனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருக்கிறார். “சும்மா சும்மா கோவிச்சுக்கும். தட்டிக் கொடுத்தாத்தான் சூடாகும். அதுக்காக விட்டுட முடியுமா? வீட்டுக்குள்ள வந்தாச்சே!”

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது தனியாகப் போகவில்லை. அக்காவின் மூக்கையும் நாக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மணமும் இல்லை, ருசியும் இல்லை. ஒரு தட்டு பன் முழுக்கக் கரிந்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது, அக்கா மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே நின்று பாடிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் விஷயம் வெளியே தெரிந்தது. டாக்டர் பார்த்தார். “‘வரலாம், வராமலும் போகலாம்’னாரு. இதச் சொல்ல அவ்வளவு படிக்கணுமா? எங்க வீட்டுக்காரரு கடைக்குப் போறப்போ தினமும் இதத்தான் சொல்லிட்டுப் போறாரு.”

பேக்கரி நடத்துகிறவருக்கு ருசி தெரியாவிட்டால் என்ன ஆகும்? வீட்டுக்காரரைக் கேட்கலாமே என்பீர்கள். அவர் வேன் ஓட்டிக் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறவர், தங்கமான மனிதர். கல்யாணமான நாள் முதல் எதைக் கொடுத்தாலும் “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிப் பழகிவிட்டார். கரிந்த பன்னையும் அன்று ஒன்று எடுத்துத் தின்று அதையே சொன்னார். குடும்ப அமைதிக்கு உதவிய அந்த நாக்கு வியாபாரத்துக்கு உதவவில்லை.

அப்போதுதான் சபையார் வர ஆரம்பித்தார்கள். பன்னக்கா ஜெபத்தை விடாதவர். யார் வீட்டில் நோய் என்றாலும் முதலில் போய் நிற்கிறவர். அவருக்கு ஏன் இப்படி என்ற கேள்வி எல்லாரையும் உறுத்தியது. உறுத்தினால் சும்மா இருக்க முடியாதே, ஆளுக்கொரு காரணத்தோடு படியேறினார்கள்.

முதலில் வந்தவர் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர், ரத்தக் கொதிப்புக்காரர். “ஆண்டவருக்குப் பிரியமானவங்களுக்குத்தாம்மா சோதனை வரும்” என்றார். “அப்ப கொஞ்ச நாளைக்கு என்மேல பிரியத்தக் கொறச்சுக்கச் சொல்லுங்க சார்” என்றார் அக்கா. “சரி, இந்த பிஸ்கட்டுல வெண்ணெய் தூக்கலா இருக்கா பாருங்க.” அடுத்து வந்தவர் சபைப் பாடகர் குழுவின் தலைவி. அவர் குரலைத் தாழ்த்தி, “அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாரு” என்றார். அக்கா நிஜமாகவே யோசித்தார். “உங்க பாட்டப் பத்தி ரெண்டு மூணு இடத்துல பேசியிருக்கேன்க்கா. அதுக்கு நாக்கு போனது நியாயம். மூக்கு பாவம், அது என்ன பண்ணுச்சு?” தலைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் தொலைபேசியில், “எல்லாம் நன்மைக்குத்தான், இனிமேலாவது உடம்பு இளைக்கும்” என்றாராம். தொலைபேசி வழியாகக் கேக் ஊட்ட முடியாதது ஒன்றுதான் அக்காவுக்கு வருத்தம்.

இப்படி வந்தவர்களை எல்லாம் அக்கா வேலைக்கு வைத்துக்கொண்டார். காரணம் சொல்ல வந்தால் ருசி பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். வாத்தியார் இனிப்பில் கறார். தலைவிக்கு வெண்ணெய் நயம் தெரியும். ஒரே வருடத்தில் அந்தக் கடைப் பண்டங்கள் முன்னைவிட நன்றாகிவிட்டன என்று சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வார். ஆனால் அது உண்மை.

“இத்தன பேரு காரணம் சொல்றாங்களே, இதுல எதுக்கா சரி?” என்று ஒருநாள் கேட்டேன். நானும் அதே சபைதான். கடைசி வரிசை, தூண் ஓரம், தாமதமாக வருகிறவன்.

அக்கா மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை. “எல்லாமே சரியா இருக்கும். எனக்கென்ன தெரியும்? சிலுவையில தொங்குறப்போ அவரே ‘ஏன்’னுதான் கேட்டாரு. மேலேருந்து பதில் வந்துச்சா? சொந்தப் பிள்ளைக்கே சொல்லல. நான் வரிசையில எங்க நிக்கிறேன்?” மாவைத் தூக்கிப் பலகையில் அடித்தார். “ஆனா ஒண்ணு. பதில்தான் சொல்லல. மூணாம் நாள் வந்து தூக்கி விட்டாருல்ல? அத நம்பித்தான் தெனமும் கடையத் தொறக்கறேன்.”

அதற்காக அவர் சும்மா விட்டுவிட்டார் என்று நினைக்கவேண்டாம். காலையில் மாவு பிசையும்போது ஆண்டவரோடு நடக்கும் பேச்சுவார்த்தை எனக்கு மாடி வரை கேட்கும். “நேத்து ஞாபகப்படுத்தினேனே, என்னாச்சு?” என்பார். பாக்கிவைத்த கடைக்காரரிடம் பேசுகிற தொனிதான். திட்டி முடித்த கையோடு ஒரு துதிப் பாட்டும் வரும். இரண்டுக்கும் நடுவில் அவர் மூச்சு விடுவதுகூட இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா விளையாடமாட்டார். சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. இயேசுவின் சரீரத்தை நினைத்து அப்பம் பிட்டு எல்லாருக்கும் கொடுப்பார்கள். அந்த ரொட்டியைச் சனிக்கிழமை சாயங்காலம் செய்து கொடுப்பவர் பன்னக்கா. அதை மட்டும் யாரும் முன்னால் கடித்துப் பார்க்கக் கூடாது என்பது அவராகவே வைத்துக்கொண்ட கட்டளை. முதல் துண்டு பந்தியில்தான் உடையவேண்டும். காய்ச்சலுக்குப் பிறகும் கட்டளையைத் தளர்த்தவில்லை. “கடையில இருக்கறதெல்லாம் விக்கறதுக்கு. அது ஒண்ணுதான் நான் அவருக்குக் குடுக்கறது” என்பார்.

ஆகையால் ஒரு சனிக்கிழமை நடந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை. அக்கா மாவில் உப்பைப் போட்டார். அந்த நேரம் பாடகர் குழுத் தலைவி புதுக் காரணம் ஒன்றோடு வந்தார். கேட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினால் உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம். முன்பென்றால் மாவை நுனிநாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். போட்டார். தலைவி வாசல்வரை போய், விட்டுப்போன பாதியைச் சொல்லத் திரும்பி வந்தார். மறுபடியும் சந்தேகம். மறுபடியும் உப்பு.

ஞாயிற்றுக்கிழமை இளம் பாஸ்டரின் பிரசங்கம், வேண்டுமென்று வைத்ததுபோல, ‘விசுவாசிகளுக்குத் துன்பம் ஏன்?’ என்பது. பயிற்சி, பரீட்சை, பரிசுத்தம் என்று மூன்று தலைப்புகளில் அழகாகப் பேசினார். முடித்து, அப்பத்தைப் பிட்டு, முதல் துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை. ஆழ்ந்த ஜெபம் என்று நினைத்தோம். எங்கள் முறை வந்தபோது எங்களுக்கும் அந்த ஜெபம் வந்தது.

அப்படி ஓர் உப்பை நான் கடலில் குளித்தபோதும் குடித்ததில்லை. ஆனால் வாயில் இருப்பது திருவிருந்து அப்பம். துப்ப முடியுமா? முகம் சுளிக்கலாமா? வரிசை வரிசையாக ஜனங்கள் தலைகுனிந்து, கண்ணில் நீர் முட்ட மென்றார்கள். சபை அவ்வளவு உருக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை. திராட்சைரசக் கிண்ணம் வழக்கத்தைவிட வேகமாகக் காலியாகி, இரண்டு தடவை உள்ளே போய் வந்தது. முன்வரிசையில் பன்னக்கா மட்டும் நிம்மதியாக, முகம் மலர மென்றுகொண்டிருந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

தண்ணீர்க் குழாய்தான் காட்டிக்கொடுத்தது. ஆராதனை முடிந்ததும் வண்டிகளை நோக்கி ஓடுகிற கூட்டம் அன்று குழாயடியில் வரிசை பிடித்தது. வீட்டுக்காரரும் வரிசையில் நின்றார். அக்கா அவரிடம் போய், “ரொட்டி எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டார். அவர் வாயைத் திறந்தார். அந்த ஆகிவந்த வாக்கியம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக வரவில்லை.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வாத்தியாரிடம் திரும்பினார். “சார், நீங்க சொல்லுங்க.”

“கொஞ்சம் உப்பும்மா.”

“கொஞ்சமா?”

வாத்தியார் தரையைப் பார்த்தார். “நெறைய.”

பன்னக்கா தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்தார். மூக்கு போனபோது அழாதவர், நாக்கு போனபோது டாக்டரைக் கிண்டல் செய்தவர், பட்டப்பகலில் அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதார். “இது ஒண்ணுதானே அவருக்குன்னு செஞ்சேன். இதையுமா எடுத்துக்கணும்? ஏன்?” என்றார். எங்களைப் பார்த்துத்தான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரு வருடமாகக் காரணம் வைத்திருந்தவர்கள். அன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மிச்சம் எங்க? குடுங்க, கொண்டுபோய் எங்கயாவது புதைச்சுடறேன்” என்றார். பாஸ்டர் தயங்கினார். பந்தியில் மீந்ததை எறியக் கூடாது, மூப்பர்கள்தான் சாப்பிட்டுத் தீர்க்கவேண்டும் என்பது எங்கள் சபை ஒழுங்கு. “மிச்சம் இல்லக்கா” என்றார். “வாத்தியார் ஐயாவே சாப்பிட்டுட்டாரு. முழுக்க.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “வீட்ல உப்பில்லாம சாப்பிடற மனுஷன். உங்களுக்குப் பைத்தியமா சார்?” வாத்தியாரின் உதடு வெளுத்து வெடித்திருந்தது. “ஒன் கண்ணுல பட வேண்டாம்னுதாம்மா” என்றார் அவர். அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து, இரண்டில் எது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது. வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சிரித்தாரே தவிர, மனம் ஆறவில்லை. இனிமேல் திருவிருந்துக்கு ரொட்டி செய்ய மாட்டேன், வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டார். அந்த மாதம் கடை நடந்தது, கேக் விற்றது. காலையில் ஆண்டவரோடு சண்டை மட்டும் கேட்கவில்லை. மாடியில் படுத்திருந்த எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, நான் பன் வாங்க நின்றுகொண்டிருந்தபோது வாத்தியார் வந்தார். அக்கா பழக்கத்தில் கேக் துண்டை எடுத்தார். “என்ன சார், இன்னிக்கு என்ன காரணம் கொண்டுவந்தீங்க?”

“காரணம் ஒண்ணும் இல்லம்மா. தீந்துபோச்சு. நாக்கு மட்டும்தான் கொண்டுவந்திருக்கேன்.”

சொல்லிவிட்டு, கேட்காமலே உள்ளே போய், மாவுப் பலகைக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா மேசைக்கு அடியில் குனிந்தார். கண்ணாடியைத் தேடினார். அது தலைமேல் இருந்தது. பிறகு மாவு டப்பாவைத் திறந்தார்.

உப்பு விழுந்தது. “போட்டாச்சு!” என்று வாத்தியார் வகுப்பறைக் குரலில் சொன்னார். நடுவில் பாடகர் குழுத் தலைவி வாசலில் வந்து நின்றார். வாத்தியார் உதட்டில் விரலை வைத்தார். தலைவி சத்தமில்லாமல் உள்ளே வந்து தட்டுக்கு வெண்ணெய் தடவினார். வீட்டுக்காரர் மாப்பிள்ளையைத் தட்டிக் கொடுத்தார். பந்திக்கான ரொட்டியோடு, அதே மாவில் உள்ளங்கை அளவு குட்டி ரொட்டி ஒன்றையும் அக்கா தட்டில் வைத்தார். பெரியதை யாரும் தொடக் கூடாது, கட்டளை கட்டளைதான். குட்டியைப் பற்றிக் கட்டளை எதுவும் இல்லை.

வெந்து வந்ததும் குட்டி ரொட்டியைப் பிட்டு வாத்தியாருக்குக் கொடுத்தார். வாத்தியார் கண்ணை மூடி மென்றார். அக்கா இமைகொட்டாமல் அவர் தாடையைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். விழுங்கினார். கையை மட்டும் மறுபடி நீட்டினார்.

பன்னக்கா இன்னொரு துண்டு பிட்டார். வாத்தியாரின் ரத்தக் கொதிப்பு நினைவுக்கு வந்திருக்கவேண்டும். அதில் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மீதியை அவர் கையில் வைத்தார்.