குட்டிக்குத் தனிக் கூலி

1972 அக்டோபர் 14, சனிக்கிழமை காலை 10.20. மான்ட்ரியல் நகரின் லாசால் பகுதி. தூறல், ஃபாரன்ஹீட் 41.

என் மகன் ரகு இங்கே இன்ஜினியர். கத்தரிக்காய்க்கு மேல் எதையும் வெட்டியறியாத குடும்பத்தில் பிறந்தவன், மான் வேட்டைக்கென்று தனியாகத் துப்பாக்கி செய்யச் சொல்ல வந்திருக்கிறான். எப்படியாவது தடுத்துவிட வேண்டுமென்று நானும் கூடவே வந்திருக்கிறேன். கடைச் சுவரில் ஏழு மான் தலைகள். பதினான்கு கண்களும் என்னையே பார்க்கின்றன.

துப்பாக்கி செய்பவர், துப்பாக்கியின் பக்கவாட்டில் பதிக்கப்போகும் பளபளக்கும் இரும்புத் தகட்டைக் காட்டி, "இதில் என்ன படம் செதுக்கட்டும், மெஸ்யே?" என்று, 'ஐயா'வை மட்டும் பிரெஞ்சில் விட்டு, ஆங்கிலத்தில் கேட்கிறார்.

எனக்கு ஒரு யோசனை உதிக்கிறது. "தாய் மானும், பால் குடிக்கும் குட்டியும்" என்கிறேன். துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டால் இவனுக்குச் சுட மனம் வருமா?

ரகு என் தோளைக் கட்டிக்கொள்கிறான். "பிரமாதம்ப்பா! திட்டப்போறீங்கன்னு பயந்துக்கிட்டே வந்தேன், நீங்களே டிசைன் சொல்றீங்க! அட்வான்ஸை உங்க கையாலயே குடுங்க. உங்க கைராசிக்கு முதல் நாளே மான் விழும்."

"குட்டிக்குத் தனிக் கூலி" என்கிறார் கடைக்காரர்.

கிழக்கு எந்தப் பக்கம் என்று அவரிடமே விசாரித்து, அந்தப் பக்கம் திரும்பி நின்று, மகனின் நூறு டாலரை வலது கையால் நீட்டுகிறேன். பழக்கம் விடவில்லை. குட்டிக்கு மட்டும் என் சொந்தப் பணம்: ஊரிலிருந்து எடுத்துவர அரசாங்கம் அனுமதித்த மொத்த அந்நியச் செலாவணி, எட்டு டாலர்.