ஓதத்தை மறைத்த காகிதம்

எங்கள் கூடத்துச் சுவரில் இருந்த வால்பேப்பர், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்காக ஒட்டியது. வந்தவர்கள் முக்கால் மணி நேரம் இருந்தார்கள். வால்பேப்பர் பதினேழு வருடம் இருந்தது.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்புறச் சந்து ஒன்றில், இரண்டாவது மாடி ஃப்ளாட். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எங்கள் கூடத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால் மேற்குச் சுவரில் எப்போதும் ஓதம். எந்த பெயிண்டை அடித்தாலும் இரண்டு மாதத்தில் பொருமிக்கொண்டு உதிரும். பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று புதன்கிழமை தெரிந்தது. அப்பா மறுநாளே பாண்டி பஜார் போய் வால்பேப்பர் சுருளும் ஒட்டும் ஆளுமாகத் திரும்பினார். வெளிர்மஞ்சள் காகிதத்தில் பொன்னிறக் கொடிகள். எந்தச் செடி அப்படி இலை விடும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கொடிகளுக்கு முன்னால் என்னை உட்காரவைத்தார்கள்.

பிள்ளையின் அம்மா காபியை வாங்கிக்கொள்ளும் முன்பே சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"ஓதமா?" என்றாள்.

"சேச்சே, அழகுக்காக," என்றார் அப்பா.

"எங்காத்துலயும் ஓதத்துக்குத்தான் ஒட்டியிருக்கோம்," என்றாள் அந்த மாமி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளைக்கு இப்போதைக்குக் கல்யாண எண்ணம் இல்லையாம் என்று இரண்டு நாளில் தகவல் வந்தது. எண்ணம் இல்லாதவன் இரண்டு தட்டு கேசரி எதற்குச் சாப்பிட்டான் என்று அப்பா கேட்டார். நான் சிரித்ததுதான் காரணம் என்று அம்மா ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஐப்பசி மழைக்கே காகிதம் ஓரங்களில் தூக்கிக்கொண்டது. அடுத்த பிள்ளை வீட்டார் தையில் வருவதாக இருந்தார்கள். அப்பாவுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. தச்சர்கள் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையை ஒரு வாளி வாங்கிவந்து, காகிதத்தை உரித்து, சுவர் முழுக்கப் பசை பூசி, மறுபடி ஒட்டினார். "இனிமே இது இந்த ஜென்மத்துக்கு வராது," என்று கையைத் தட்டிக்கொண்டார். அவர் சொன்ன வார்த்தைகளில் அப்படியே பலித்தது அது ஒன்றுதான். அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைத்தான் பார்த்தார்கள். என்னுடைய எல்லாப் புகைப்படங்களிலும் தலைக்குப் பின்னால் பொன்னிறக் கொடி. பிறகு பிள்ளை வீட்டார் வருவது நின்றது. அப்பாவும் போய்விட்டார். காகிதம் மட்டும் அசையவில்லை.

அம்மாவுக்கு மூச்சு இழுப்பு ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. மழைக்காலம் வந்தால் கூடத்தில் படுத்திருக்கும் அவளுடைய நெஞ்சிலிருந்து ஒரு விசில் சத்தம் வரும். உள்ளறையில் நான் எதைச் செய்துகொண்டிருந்தாலும் ஒரு காது அதில்தான் இருக்கும். போன ஐப்பசியில் டாக்டர், "வீட்ல எங்கயாவது பூஞ்சை இருக்கா?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன்.

அதே வாரம்தான் அலுவலகத்தில் கேட்டார்கள். கோயம்புத்தூரில் புதுக் கிளை திறக்கிறோம், நீங்கள் போய்ப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறீர்களா, திங்கட்கிழமை காலைக்குள் பதில் வேண்டும் என்று. எனக்கு நாற்பத்து மூன்று வயது. அப்படி ஒரு கேள்வியை இனிமேல் யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை. பால்கனியில் நின்றுகொண்டு போனில், "கோயம்புத்தூரா? திங்கட்கிழமைக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "அம்மாவுக்கு வீசிங் சார். விட்டுட்டு எங்கயும் வர முடியாத நிலைமை." யோசித்துச் சொல்லுங்கள் என்றார் மேலாளர். போனை வைத்ததும் அழுகையாக வந்தது. இந்த வீட்டுக்குள்ளேயே நான் கிழவியாகி, இந்தக் கூடத்திலேயே படுத்து, நானும் விசில் அடிக்கப்போகிறேன் என்று தோன்றியது. அம்மா மேல் கோபம் வந்தது. கோபப்பட்டதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து வந்தால், அம்மா தோசைத் திருப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் நெபுலைசர் மாட்டி உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் ஒரு முழ அகலத்துக்குக் காகிதம் பிய்ந்து தொங்குகிறது. அதற்குப் பின்னால் கரிக்கட்டையால் தேய்த்தது போலக் கறுப்பு.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?" என்று கத்தினேன்.

முகமூடியைத் தூக்கி, "ஆரம்பிச்சாச்சு. இனிமே பாதியில விட முடியாது பாரு," என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

என் வாழ்க்கையைத் தீர்மானிக்க எனக்கு மிச்சம் இருந்தது மூன்று நாள். அந்த மூன்று நாளையும் இந்தச் சுவர் தின்னப்போகிறது என்று புரிந்தது. வயிற்றெரிச்சலோடு தெரிந்த பெயிண்டரைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வந்தார். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"இன்னா மேடம் இது, யார் ஒட்னது? கதவுக்குப் போடுற பசையல்லாம் போட்டு கீது?"

"எங்க அப்பா."

"நல்லா ஒட்டிக்கிறாரு," என்றார் மரியாதையாக. "எனக்கு வேளச்சேரில பத்து வூடு கீது மேடம், எல்லாம் மய தண்ணி ஏறுனது. நீங்களே சுடுதண்ணி போட்டு இத்த எட்த்துடுங்க. சோப்பு தண்ணில கய்வி வுடுங்க. அப்பால ஒரு மாசம் செவுத்த சும்மா வுடணும். அதுவும் மூச்சு வுடணுமில்ல. நா வந்து பட்டி பாத்துக்கறேன்."

தூசியில் அம்மா இருக்கக் கூடாது. தரைத்தள ஃப்ளாட் மாமியிடம் கேட்டு, மூன்று நாளைக்கு அம்மாவை அங்கே கொண்டுவிட்டேன். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். தூசி உள்ளே போகாமலிருக்க உள்ளறை, சமையலறைக் கதவுகளை மூடிப் பழைய புடவையைச் சுருட்டி அடியில் அடைத்தேன். வெளியே விடாத மழை. ஜன்னலைத் திறந்தால் சாரல் அடித்தது, மூடினால் பூஞ்சை நாற்றம் குமட்டியது. மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு நானும் அந்தச் சுவரும் மட்டும் நின்றோம்.

கொடி வரைந்த மேல் தாள் பாலாடை மாதிரி நீளமாக வந்துவிட்டது. அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன். அடித்தாள் அப்படியே இருந்தது. சுரண்டினால் சுவர்தான் பெயர்ந்து வந்தது. வெந்நீர் தெளித்தால் வழிந்து தரைக்குப் போயிற்று. கடைசியில் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை வெந்நீரில் நனைத்துச் சுவரோடு அப்பி வைத்தேன். அரை மணி கழித்து எடுத்தால், பசை பால் போல வெளுத்து இளகியிருந்தது. தோசைத் திருப்பியால் தள்ளினால் கஞ்சி மாதிரி சுருண்டு விழுந்தது. ஒரு வேட்டி அகலம் முடிக்க ஒரு மணி நேரம். ஒரு தவலை வெந்நீர் ஆறுவதற்குள் அடுத்தது கொதிக்க வேண்டும். குளியலறை ஹீட்டருக்கும் கூடத்துக்குமாக எத்தனை நடை நடந்தேனோ, இரவில் கால் தானாக ஆடியது.

சுரண்டிக்கொண்டே அப்பாவோடு சண்டை போட்டேன். வாய்விட்டே போட்டேன். ஓதத்தைச் சரிபண்ணாமல் எதற்கு மூடினீர்கள், மூடினது போகட்டும், எதற்கு இத்தனை பசை என்று. ஒரு வேட்டி நேரம் அவரோடு, அடுத்த வேட்டி நேரம் அம்மாவோடு. இவர்கள் இரண்டு பேரையும் விட்டு நகர முடியாமல்தானே என் வயது போயிற்று என்று. பத்து வருடத்துக்கு முன்னால் அலுவலகத்தில் ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். நல்ல மனிதர். எனக்கும் பிடித்திருந்தது. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, இப்போது வீட்டில் பேச முடியாது என்றேன். அவர் ஒரு வருடம் காத்திருந்தார். நான் வீட்டில் பேசவே இல்லை. அந்தச் சுவர் முன் நிற்கும்போது அது ஞாபகம் வந்தது, திருப்பியை இன்னும் அழுத்தித் தள்ளினேன்.

ஞாயிறு மாலை கடைசித் துண்டும் விழுந்தது. சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவிவிட்டேன். காகிதம் போன சுவர் அசிங்கமாக இருந்தது. சாம்பல் நிறம், அங்கங்கே கறுப்புத் திட்டு, பெயர்ந்த பள்ளம். ஆனால் குமட்டல் நாற்றம் போயிருந்தது. அன்றிரவு கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துச் செத்தது போலத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் துணிப்பை.

"கூப்பிட்டா நான் வந்து அழைச்சுண்டு வந்திருப்பேனே," என்றேன்.

"ரெண்டு மாடி ஏறினேன். எங்கேயாவது நின்னேனான்னு மாமிய வேணா கேளு." உள்ளே வந்து நாற்காலியைச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மூணு நாளா ஒரு இழுப்பு இல்லடி. மிஷினைத் தொடவே இல்ல."

"நல்லதும்மா."

"இன்னிக்குத்தானே கோயம்புத்தூருக்குப் பதில் சொல்லணும்?"

நான் அவளிடம் கோயம்புத்தூரைப் பற்றிச் சொல்லவே இல்லை.

"பால்கனியில நின்னுண்டு பேசினா கூடத்துல கேக்காதா?" என்றாள் அம்மா. "அப்பா இருந்தப்போ அவர் பி.பி.ன்னே. அவர் போனப்புறம் என் மூச்சுன்னே. அப்பாவைத்தான் ஒண்ணும் பண்ண முடியல. என் மூச்சையாவது சரிபண்ணிடலாம்னுதான் அன்னிக்கு இதைப் பிச்சேன். நான் தனியா இருப்பேன். கீழ மாமி இருக்கா, மாத்திரை இருக்கு. இப்போ என்ன சொல்லப்போறே?"

போனை எடுத்தேன். கட்டைவிரலை வைத்தால் அது திறக்கவில்லை. விரல் முழுக்கப் பசை காய்ந்து தோலாகிப் போயிருந்தது. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.

"போய்க் கையை அலம்பிண்டு வா," என்றாள்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தேன். பசை எப்போதோ போய்விட்டது, நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். குழாயை மூடிவிட்டுக் கூடத்துப் பக்கம் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஐந்து வருடமாக அந்த விசில் நின்றால் போதும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவள், அந்த நிமிஷம், ஒரே ஒரு தடவை அது கேட்டால் தேவலை என்று நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் போகப் பயமாக இருந்தது. இத்தனை நாள் யாரும் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை.

வெளியே வந்து மெயில் எழுதி அனுப்பினேன். அம்மா கையை நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பதில் சொல்ல இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும், வீட்டில் சுவர் வேலை நடக்கிறது என்று எழுதியிருந்தேன்.

போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

"வேலை எப்போ முடியும்னு அவா கேட்டா என்ன சொல்வே?"

"ஒரு மாசம் சும்மா விடணும்னு பெயிண்டர் சொல்லியிருக்கார்மா," என்றேன்.