வரிசையில் சொன்ன ஆமென்

நாங்கள் இந்துக்கள்தான். ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் மிஷன் பள்ளியில் ஏழு வருஷம் படித்ததில், யார் எங்கே கும்பிட்டு முடித்தாலும் என் வாய் தானாக “ஆமென்” சொல்லிவிடும். ஒருமுறை பத்துமலையில், தீபாராதனை முடிந்த கையோடு சொல்லிவைத்தேன். அம்மா கிள்ளிய தடம் கையில் இரண்டு நாள் இருந்தது.

ஜப்பான்காரன் வந்த பிறகு பள்ளியில் ஜெபம் நின்றது. வேதபாடப் பரீட்சையும் போயிற்று. கடைசி வகுப்பை முடித்ததாகச் சான்றிதழ் வேண்டுமென்றால் இப்போது வேறு கணக்கு. ஜப்பான்காரனின் கத்தாகானா எழுத்தைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். தேவாலயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு பாத்தி மரவள்ளி வளர்த்துக் காட்ட வேண்டும். அதற்கும் மேலே, ஜப்பானிய அதிகாரி முன்னால் காலை வரிசையில் நின்று, தோக்கியோவில் அவர்கள் சக்கரவர்த்தி இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்க வேண்டும். அதில் பிசகினவனுக்குச் சான்றிதழ் கிடையாது.

எழுத்தை மூன்றே வாரத்தில் பிடித்துவிட்டேன். மரவள்ளியோடுதான் தகராறு. கிழங்கு விட்டதா என்று தினமும் தோண்டிப் பார்த்தே பாதிச் செடியைச் சாகடித்தேன். பக்கத்துப் பாத்திக்காரன் பாதிரியாரின் மகன். தன் குச்சிகளில் நாலை எடுத்து என் பாத்தியில் நட்டுத் தந்தான்.

“ஒன் கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருடா. அது வளந்துக்கும்.”

ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவோ தினமும் ஒரே பாட்டு. “சர்டிபிகேட்ட மட்டும் கொண்டாடா, டிக்கெட் ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கேன். இல்லாட்டி சயாமுக்கு ஆள் புடிக்கிற லோரியில ஏத்திடுவானுங்க.” எதிர்வீட்டு அண்ணன் அப்படித் தண்டவாளம் போடப் போனவர். அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

அந்தக் காலை வந்தது. தோக்கியோ திசை பார்த்து, பங்சார் மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றோம். “சாய்கெய்ரே!” என்று கட்டளை வந்ததும் இடுப்பு மடிய வணங்கினோம். ஒரே அமைதி. நான் கண்ணை மூடியிருக்கக் கூடாது. மூடிவிட்டேன். நிமிரும்போது, ஏழு வருஷப் பழக்கத்தின் முழுச் சத்தத்தோடு “ஆமென்” என்றேன்.

அதிகாரி என் முன்னால் வந்து நின்றார். “அபா இத்து?” அது என்ன என்று மலாயில் கேட்டார். தலைமையாசிரியர் முகத்தில் ரத்தமே இல்லை. என் கண்ணுக்கு அந்த லோரிதான் தெரிந்தது.

அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம் ஐயா, பெரிய வணக்கம் செய்தால் கடைசியில் சொல்வோம் என்று மலாயிலேயே கொட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். அப்படியானால் மற்றவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

மறுபடியும் கட்டளை வந்தது, குனிந்தோம். இந்தத் தடவை வரிசை முழுவதும் “ஆமென்” என்றது. தலைமையாசிரியரின் குரல் எல்லோருக்கும் பிந்தி வந்தது. என் பக்கத்தில் நின்ற பாதிரியார் மகன் உதட்டை மட்டும் அசைத்தான், சத்தம் வரவில்லை. ஒட்டி நின்ற எனக்கு மட்டும் அது தெரிந்தது.

சான்றிதழ் எங்கள் இருவருக்கும் கிடைத்தது. மரவள்ளிப் பாத்தியில் நின்றிருந்தவனிடம் குதித்துக்கொண்டு ஓடினேன்.

“எப்படிடா சமாளிச்சேன், பாத்தியா?”

“பாத்தேன்லா. நீ தப்பிக்க எங்க ஆமென்னத் தூக்கி அவன்கிட்ட குடுத்துட்ட.”

சான்றிதழை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது கிள்ளான் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறேன். வீட்டில் அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டு முடிக்கும்போதெல்லாம் அந்தச் சொல் நாக்கு நுனி வரை வருகிறது. உதட்டை இறுக்கிக்கொள்கிறேன். அன்றைக்குக் கிள்ளிய கிள்ளுதான் வேலை செய்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.