எட்டு நாள் உயிரோடு இருந்தவன்

அப்போது எனக்கு இருபது வயது. ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்கள் மாடியில் ஆங்கிலமும் தமிழும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் ஒரு பால்காரர் வாக்குமூலம் கொடுக்க வந்தபோது எங்கள் வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டார். அந்த வாரம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, வெள்ளைக்காரர்களின் சண்டை விமானம் ஒன்று சிராங்கூன் ரோட்டுக்கு அப்பாலிருந்த மேய்ச்சல் வெளியில் விழுந்தது. அதை ஓட்டிய பைலட்டின் அக்காள், தம்பிக்கு என்ன ஆயிற்று என்று பத்து வருஷமாகக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி நேரில் வந்துவிட்டாள். அதன் பிறகுதான் போலீஸ் விசாரித்து, விமானம் விழுந்ததைப் பார்த்த பால்காரரைக் கண்டுபிடித்து அனுப்பியது. அவர் மனைவியோடு வந்திருந்தார்.

"பிளேன் விழுந்ததும் ஓடிப்போய் ஆளை வெளிய இழுத்துட்டேம்மா," என்றார். "காலு ரெண்டும் வெந்துபோச்சு. ஆனா உசிரு இருந்துச்சு. மாட்டுக் கொட்டகையில வைக்கோலுக்குப் பின்னால படுக்க வச்சோம். ரோட்டு முனையில வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரங்க இருந்தாங்க. 'உங்க ஆளு எங்க வீட்ல கெடக்கான், வண்டி அனுப்புங்க'ன்னு போய்ச் சொன்னேன். துப்பாக்கிக் கட்டையால நெஞ்சில இடிச்சு வெரட்டிட்டாங்க. மூணு தடவை போனேம்மா. மூணு தடவையும் அதேதான்."

எட்டாவது நாள் ஊர் ஜப்பான்காரன் கையில். வீடு வீடாகச் சோதனை போட வந்தவர்கள் பைலட்டை வெளியே இழுத்துச் சுட்டார்கள். உடலை லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒளித்து வைத்த குற்றத்துக்காகப் பால்காரரின் மனைவியான அந்த அம்மாளின் வலது கையைக் கல்லின்மேல் வைத்து அடித்து நொறுக்கினார்கள். சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

இரண்டு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தேன். துரை சிவப்புப் பென்சிலால் ஏறக்குறைய முழுவதையும் அடித்துவிட்டார்.

"நாளைக்கு அந்தப் பைலட்டின் அக்காளிடம், விமானம் விழுந்தவுடனே இறந்துவிட்டான் என்று மட்டும் சொல். அவளுக்கும் அதுதான் நிம்மதி."

மூன்று தடவை விரட்டியடித்தது வெளியே தெரியாமல் போனால் யாருக்கு நிம்மதி என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும், "எஸ் சார்" என்றேன்.

மறுநாள், பால்காரரையும் மனைவியையும் நேரில் பார்க்க வந்த அந்த அக்காள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தம்பி வலியில் துடித்தானா? பால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். நான் ஒரே வரியில், "உடனே இறந்துவிட்டாராம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் வெள்ளைக்காரர் வீடுகளுக்குப் பால் ஊற்றியவர். அந்த அளவு ஆங்கிலம் அவருக்குப் புரியும்.

"ஏம்மா, நான் சொன்னது அது இல்லையே!" என்று எழுந்துவிட்டார். அவளைப் பார்த்து, "நோ மேம், பிளேன் நோ டெட். எயிட் டே மை ஹவுஸ்!" என்றார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் கேட்டாள். துரை முந்திக்கொண்டார். "பாவம், குழம்பிப் போயிருக்கிறான்." பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமாம் மேடம்," என்றேன்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மாள் என்னை மறித்தார்.

"துரை பொய் சொல்றான், அவன் ஆளுங்களைக் காப்பாத்த. நீ யாரைக் காப்பாத்துற?"

"வேலை போயிடும்க்கா."

நொறுங்கிய கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுல அப்புறம் ஒரு நாளாவது பால் கறந்திருப்பேனா? என் வேலை போகலையா?"

ஒரு வாரம் கழிந்தது. பிறகு கோப்பிலிருந்து அக்காளின் விலாசத்தை எடுத்து, முழு வாக்குமூலத்தையும் மறுபடி அடித்து, நான் சொன்னது பொய் என்றும் எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அதே கடிதம் துரையின் மேசையில் கிடந்தது. எது உண்மை என்று கேட்டு அவருக்கே அனுப்பியிருந்தாள்.

"உனக்கு இரக்கமே கிடையாதா?" என்றார் துரை.

"மூணு தடவை வண்டி கேட்டாரே சார், அன்னைக்கு எங்கே போச்சு இரக்கம்?"

அன்றோடு வேலை போயிற்று. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. துரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பால்காரர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். அக்காளிடமிருந்து கடிதம். எங்கள் அலுவலகத்தில் எல்லார்மேலும் அவளுக்கு ஆத்திரம். முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன என்மேல்தான் அதிகம். அந்த எட்டு நாளும் தம்பி எப்படி இருந்தான் என்று கேட்டிருந்தாள்.

வாசித்துச் சொன்னேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அவன் பேசுனது எங்களுக்குப் புரியல. பால் குடிச்சான். ஜப்பான்காரன் நெருங்கிட்டான், கத்துனா எங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சுக்கிட்டு, என் பழைய சேலையக் கிழிச்சுக் குடுத்ததை வாய்ல வச்சுக் கடிச்சுக்கிட்டே கெடந்தான். எழுது."

எழுதினேன். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை.

அறுபதுகளில் அரசாங்கம் மாட்டுக் கொட்டகைகளை எடுத்துவிட்டது. பால்காரரும் மனைவியும் தோ பாயோ என்ற புதுக் குடியிருப்பில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனார்கள். நானும் கல்யாணமாகி அங்கேதான் இருந்தேன். மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் நான் நிற்பேன். அந்த அம்மாள் நிற்க மாட்டார்.