மூச்சைப் பிடிக்காமல் ஒரு படம்

அந்தத் தெருவில் கேமராவைத் தூக்கினால் போதும், ஜனங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, தாடையை நிமிர்த்தி, சிரிப்பை விழுங்கிவிட்டு நிற்பார்கள். எல்லாம் முனைக்கடை ஸ்டூடியோக்காரி பழக்கிவைத்த பழக்கம். பாஸ்போர்ட், லைசென்ஸ், பள்ளிக்கூட அட்டை என்று தெருவில் ஒரு முகம் பாக்கியில்லாமல் எடுத்திருந்தாள். ஒருமுறை பர்ஸை அடித்துக்கொண்டு ஓடிவந்தவன், எதிரே இவள் கேமராவோடு வருவதைப் பார்த்ததும் சுவரோரம் நேராக நின்று இரண்டு காதையும் காட்டினானாம். போலீஸ்காரர் சாவகாசமாக வந்து அழைத்துப் போனார். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. படம் கடையில் மாட்டியிருக்கிறது; பக்கத்தில் போலீஸ்காரரும் காதைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

பிழைப்புக்கு இது போதும். ஆனால் அவளுக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. தினமும் கடை மூடுவதற்கு முன் தனக்கென்று ஒரு படம் எடுப்பாள். மழையானாலும் காய்ச்சலானாலும் தப்பாது. காலையில் அச்சடித்து உள்ளறைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள்.

“யார் கேட்டாங்கன்னு இதெல்லாம் எடுக்குற?” என்பார் கணவர்.

“நாள் முழுக்க அடுத்தவங்க சொன்ன அளவுக்கு எடுக்குறேன். ஒண்ணாவது என் அளவுக்கு இருக்கட்டுமே.”

கயிற்றில் தொங்குபவற்றுக்குத் தீர்ப்புச் சொல்வது அண்ணி. கணவரின் அக்கா. கடை திறந்த நாளிலிருந்து உள்ளறை மேஜையில் உட்கார்ந்து, அச்சான முகங்களை அளவாக வெட்டி உறையில் போடுகிறவள். கை வெட்டிக்கொண்டிருக்கும், வாய் அதைவிட வேகமாக வெட்டிக்கொண்டிருக்கும். அந்த அண்ணி இந்த மாதக் கடைசியில் மகளோடு இருக்கக் கடல் தாண்டிப் போகிறாள். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை.

பெட்டி கட்டத் தொடங்கிய அன்றுதான் ஸ்டூடியோக்காரிக்கு உறைத்தது. ஊர் முகத்தையெல்லாம் எடுத்த கைக்கு அண்ணியின் முகம் அகப்படவேயில்லை. இருந்த படங்களிலெல்லாம் அண்ணியின் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு பலகை நின்றது.

“போறதுக்குள்ள உங்களை ஒரு படம் எடுத்தே தீருவேன் அண்ணி.”

“எடேன். நான் என்ன ஓடியா ஒளியிறேன்?”

“நீங்க நீங்களா இருக்கணும்.”

“பின்ன நான் எதிர்வீட்டுக்காரியாவா இருப்பேன்?”

கேமரா உயர்ந்தது. மூக்குக்கண்ணாடி கழன்றது, காது வெளியே வந்தது, பலகை வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து தினப்படம் அண்ணிக்கென்று ஆயிற்று. அலமாரி இடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்தாள்: பலகை. கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை எடுத்தாள்: அதுவும் பலகை. கடைசியில் நீலப் பின்னணித் துணியில் கத்தரியால் ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் போய் நின்றாள். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டுவதும் தனக்குத்தானே பேசுவதுமாக இருந்தாள். இதோ திரும்புகிறாள் என்ற கணத்தில் பேச்சு நின்றது. திரும்பியது பலகை.

ஸ்டூடியோக்காரி துணியை விலக்கிக்கொண்டு வந்தாள். “சத்தியமாச் சொல்லுங்க, நான் அங்க நிக்கிறது எப்படித் தெரிஞ்சுது?”

“நீ மூச்சை நிறுத்தினியே.”

“என்னது?”

“காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நீ விடுற மூச்சுல இந்தத் துணியே ஆடும். டக்குனு நின்னா கிளிக் வரப்போகுதுன்னு அர்த்தம். தெருவுல எல்லாருக்கும் தெரியுமே. கேமராவுக்கு யார் பயந்தா? நீ பம்முறதுக்குத்தான் விறைச்சு நிக்கிறாங்க.”

ஸ்டூடியோக்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மங்கல் வெளிச்சத்தில் கை ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துத்தான் தொழிலையே பழகியிருந்தாள். அவள் எடுத்த படம் ஆடியதாகச் சரித்திரமே கிடையாது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மூச்சு விட்டால் படம் ஆடும். விடாவிட்டால் அண்ணி வரமாட்டாள்.

“ஃபிளாஷ் போட்டுக்கயேன்” என்றார் கணவர்.

“போட்டா உங்க அக்கா கண்ணை மூடிக்குவாங்க. அப்புறம் தூங்குற பலகைதான் கிடைக்கும்.”

கைக்கு இன்னொரு பாடம் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு கட்டினாள். ஆள் இல்லாத நேரமெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டே எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தோடு வாக்குவாதம் செய்துகொண்டு எடுத்தாள். படத்தில் அதற்கு ஏழெட்டு முள். டீக்கடைக்காரரிடம் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டே எடுத்தாள். படத்தில் அவருக்கு இரண்டு மூக்கு. ஆனால் மூக்குக்கண்ணாடி முகத்திலேயே இருந்தது, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஆடிய படத்தைக் கயிற்றில் மாட்ட முதலில் கை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினாள்.

அண்ணி கிட்டே போய்ப் பார்த்தாள். “பாவம், ஜலதோஷம் வந்தா மனுஷன் எதைன்னு சிந்துவாரு?”

“சிரிங்க. இன்னும் ரெண்டு நாள்ல ஒரு மூக்காக்கிக் காட்டுறேன்.”

சொன்னபடி விடாமல் பழகினாள். எந்தச் சொல்லில் கை ஆடுகிறது, எதில் நிற்கிறது என்று பிடிபட ஆரம்பித்தது. கேள்வி கேட்டு முடிக்கிற இடத்தில் கை தானாகக் கொஞ்சம் அடங்கியது. மூக்கு இரண்டு ஒன்றரையாகி, ஒன்றேகாலுக்கு வந்து நின்றது. அதற்குள் அண்ணி கிளம்பும் காலையும் வந்துவிட்டது.

வாசலில் பெட்டி தயாராக இருந்தது. உள்ளறையில், இனி வெட்டும் வேலையைப் பார்க்கப்போகிற கணவர் முதல் தாளை வெட்டி நீட்டினார். அண்ணி வாங்கிப் பார்த்தாள்.

“இவருக்குத் தாடை எங்கடா?”

“இருக்கே அக்கா, கொஞ்சம்.”

“கொஞ்சமா? மனுஷனை உதட்டோட முடிச்சிட்டியே. இதை எடுத்துக்கிட்டுப் போனா எந்த ஆபீஸ்ல உள்ள விடுவான்?”

ஸ்டூடியோக்காரி கேமராவைக் கையில் எடுத்தாள். மூச்சு வழக்கம்போல நிற்கப் பார்த்தது; நிற்க விடாமல் பேச்சுக் கொடுத்தாள். “அண்ணி, நீங்கதான் கூட நின்னு சொல்லிக்கொடுக்கல. அவரைச் சொல்லி என்ன?”

“நானா சொல்லிக்கொடுக்கல?” அண்ணி இந்தப் பக்கம் திரும்பினாள். “உன் புருஷனுக்கு நேர்கோடு போடக் கத்துக்கொடுக்கிறதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துடும்.”

“சின்ன வயசுல கையைப் பிடிச்சு எழுதவச்சது யாரு? நீங்கதானே? அப்பவே கோணலாத்தானே எழுதினாரு?”

“ஏன் கேக்கமாட்ட? ரெண்டு பேரும் சேர்ந்து என்னையே…”

கிளிக்.

அண்ணி வாயைத் திறந்தபடியே நின்றாள். பிறகு கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. “பாவி, எடுத்துட்டியா? அழிச்சிடு. நல்லா நிக்கிறேன், வேற எடு.”

“இன்னிக்கு ஒரு படம் ஆயிடுச்சு. நாளைக்குத்தான் அடுத்தது.”

“நாளைக்கு நான் எங்க இருப்பேன்?”

“அதனாலதான் அழிக்கமாட்டேன்.”

கார் வருவதற்குள் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஒரு கை காற்றில் கரைந்து போயிருந்தது. நீட்டிய விரல் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. வாய் பாதிச் சொல்லில் இருந்தது. கண்கள் மட்டும் தப்பித்து, மூக்குக்கண்ணாடிக்குள் கூர்மையாக, சண்டையிலும் சிரிப்பு அடங்காமல் இருந்தன. கணவர் எட்டிப் பார்த்து, ஆடியிருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போனார்.

அண்ணி படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

“இவ்வளவு சத்தமாவா நான் பேசுறேன்?”

“இல்ல அண்ணி. இன்னும் கொஞ்சம் அதிகம். ஒரு படத்துல அவ்வளவுதான் பிடிக்க முடிஞ்சுது.”